காரணம் வேறு, நியாயம் வேறு: வொலினியாப் படுகொலைகள் உணர்த்துவது

ஒரு கொடுமை நிகழ்ந்துவிட்டால் அது ஏன் நிகழ்ந்தது என்று வினவுவது அறிவின் இயல்பு. ஆனால், ‘ஏன்’ என்னும் வினாவிற்கு விடை கிடைத்தவுடன் ‘தகுமா’ என்னும் வினாவை மறந்துவிடுவது மனித மனத்தின் பெருங்குறை. காரணத்தைக் கண்டறிந்த அளவிலேயே நியாயத்தையும் கண்டுவிட்டதாக நாம் மயங்குகிறோம். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை உணர்த்தும் வரலாற்றுச் சான்றுகளுள் ஒன்று, இரண்டாம் உலகப் போரின் நடுவே வொலினியா என்னும் நிலப்பகுதியில் நிகழ்ந்த படுகொலைகள் ஆகும். 1943ஆம் ஆண்டில் உக்ரைனிய தேசியவாதப் படையினர் அங்கு வாழ்ந்த போலந்திய உழவர் குடும்பங்களை ஊர் ஊராக அழித்தனர். நம்மிடையே அதிகம் பேசப்படாத இவ்வரலாறு, மொழியும் இலக்கியமும் பயில்வோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று என்பது என் துணிபு.

மண்ணும் மக்களும்

வொலினியா இன்று உக்ரைன் நாட்டின் வடமேற்கில் உள்ளது. காடுகளும் சதுப்பு நிலங்களும் வளமான வயல்களும் நிறைந்த பகுதி அது. முதல் உலகப் போருக்குப்பின், 1921ஆம் ஆண்டின் ரீகா உடன்படிக்கையின்படி அதன் மேற்குப் பகுதி போலந்துக் குடியரசின் ஆட்சிக்கு உட்பட்டது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 68 பேர் உக்ரைனியர். 16 அல்லது 17 பேர் போலந்தியர். 10 பேர் யூதர். செக் மக்களும் செர்மானியரும் சிறு எண்ணிக்கையில் இருந்தனர்.

போலந்து மொழியும் உக்ரைனிய மொழியும் சுலாவிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று இலத்தீன் எழுத்தில் எழுதப்படும். மற்றொன்று சிரில்லிக் எழுத்தில் எழுதப்படும். போலந்தியர் பெரும்பாலும் உரோமன் கத்தோலிக்கர். வொலினியாவின் உக்ரைனியர் பெரும்பாலும் வைதீகத் திருச்சபையினர். எழுத்தும் வழிபாடும் வேறாயினும் வயலும் சந்தையும் பொதுவாகவே இருந்தன. இரு இனத்தாரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தனர். இரு மொழியும் பேசும் இல்லங்கள் எண்ணிறந்தன. எனவே, ஒருவரையொருவர் அறியாத அயலார் மோதிக்கொண்ட கதையன்று இது. ஒருவர் வீட்டு அடுப்பெரிவதை மற்றவர் அறிந்திருந்த ஊர்களின் கதை.

விதைக்கப்பட்ட பகை

பகைக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. 1918, 1919ஆம் ஆண்டுகளில் கிழக்குக் கலீசியாவிற்காக உக்ரைனியரும் போலந்தியரும் போரிட்டனர். அதில் போலந்து வென்றது. தனி நாடு காணும் உக்ரைனியரின் கனவு தகர்ந்தது. வென்ற போலந்து அரசு பெருந்தன்மையோடு நடந்துகொண்டதா எனின், இல்லை என்றே கூற வேண்டும். போரில் பணியாற்றிய போலந்திய வீரர்களுக்குக் கிழக்குப் பகுதிகளில் நிலம் வழங்கிக் குடியேற்றியது. நிலமற்ற உக்ரைனிய உழவர் இதனை வெதும்பிய நெஞ்சோடு கண்டனர். உக்ரைனிய மொழிப் பள்ளிகள் பலவற்றை இருமொழிப் பள்ளிகளாக மாற்றியது. 1930ஆம் ஆண்டில் ‘அமைதிப்படுத்தல்’ என்னும் பெயரால் கிழக்குக் கலீசியாவின் ஊர்களுக்குள் காவலரும் படையினரும் நுழைந்து உடைமைகளை அழித்தனர், மக்களை அடித்தனர். 1938இல் ஹெவ்ம் வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வைதீகத் திருச்சபைக் கோவில்கள் அரசின் ஆணையால் இடித்துத் தள்ளப்பட்டன.

அடக்குமுறை தீவிரவாதத்தை வளர்த்தது. 1929இல் வியன்னா நகரில் ‘உக்ரைனிய தேசியவாதிகள் அமைப்பு’ தோன்றியது. 1934இல் அவ்வமைப்பினர் போலந்தின் உள்துறை அமைச்சர் பிரோனிஸ்வாவ் பியெராட்ஸ்கியைச் சுட்டுக்கொன்றனர். அவ்வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களுள் ஸ்தெபான் பண்டேராவும் ஒருவர். அக்கால இளைஞர் மனத்தில் ஆழப் பதிந்த சிந்தனையாளர் திமித்ரோ தொந்த்சோவ் ஆவார். அவர் அமைப்பின் உறுப்பினர் அல்லர்; ஆயுதம் ஏந்தியவரும் அல்லர். அவர் லிவிவ் நகரிலிருந்து ஓர் இலக்கிய இதழை நடத்திய ஆசிரியர்! ‘தேசியவாதம்’ என்னும் அவரது நூல் 1926இல் வெளிவந்தது. இரக்கத்தைப் பலவீனம் என்றும், இனத்தின் வல்லமையே உயர்ந்த அறம் என்றும் கருதும் மனநிலையை அவர் எழுத்துகள் ஊட்டின. கோடரி கூர்தீட்டப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல் கூர்தீட்டப்பட்டுவிட்டது என்பது இலக்கிய மாணவர் மறக்கலாகாத செய்தி.

பின்னர்ப் பேரரசுகள் வந்தன. 1939 செப்டம்பரில் சோவியத் படைகள் வொலினியாவைக் கைப்பற்றின. போலந்தியர் உள்ளிட்ட இலட்சக்கணக்கான மக்கள் போலந்தின் கிழக்குப் பகுதிகளிலிருந்து சைபீரியாவிற்கும் கசகஸ்தானத்திற்கும் நாடுகடத்தப்பட்டனர். 1941 சூன் 22இல் செர்மானியர் படையெடுத்தனர். அடுத்த ஈராண்டிற்குள் வொலினியாவின் யூத சமுதாயம் ஏறத்தாழ முழுமையாகக் கொன்றொழிக்கப்பட்டது. அக்கொலைகளில் செர்மானியருக்குத் துணைநின்ற உள்ளூர்க் காவற்படையில் உக்ரைனிய இளைஞர் ஆயிரக்கணக்கில் பணியாற்றினர். ஓர் ஊரை எவ்வாறு சுற்றி வளைப்பது, எவ்வாறு ஒருவரும் தப்பாமல் கொல்வது என்பதை அவர்கள் அங்கே கண்டனர். 1943 மார்ச்சு, ஏப்பிரல் திங்களில் அவர்களுள் ஏறத்தாழ 5,000 பேர் ஆயுதங்களோடு காட்டிற்குள் சென்று உக்ரைனியக் கிளர்ச்சிப் படையில் இணைந்தனர்.

1943

1943 பிப்ரவரி 9ஆம் நாள் பரோஷ்லா என்னும் சிற்றூருக்குள் ஓர் ஆயுதக் குழு நுழைந்தது. தாங்கள் சோவியத் கெரில்லாப் படையினர் என்று கூறிக்கொண்டது. ஊரார் உணவளித்தனர். பின்னர் அவர்களைக் கட்டிக் கிடத்திக் கோடரிகளால் வெட்டினர். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொடக்கம் இதுவே. ஏப்பிரல் 22ஆம் நாள் இரவில், கருங்கல் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பாகிய யானோவா தோலினா எரிக்கப்பட்டது; ஏறத்தாழ 600 பேர் உயிரிழந்தனர்.

சூலை 11, ஞாயிற்றுக்கிழமை. ஒரே நாளில் ஏறத்தாழ 100 ஊர்கள் தாக்கப்பட்டன. வழிபாட்டிற்காக மக்கள் கோவிலில் ஒன்றுகூடும் நேரம் என்பதனாலேயே அந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. பொரித்ஸ்க் ஊரில் வழிபாட்டின்போதே துப்பாக்கிகள் முழங்கின. கிசெலின் ஊரில் சிலர் கோவிலை அடுத்திருந்த குருமனையின் மாடிக்கு ஏறி, சுவரைப் பெயர்த்துச் செங்கற்களை எறிந்து பல மணி நேரம் எதிர்த்துநின்று உயிர்தப்பினர். கீழே அகப்பட்டவர் கொல்லப்பட்டனர். ஆகஸ்டு இறுதியில் ஒஸ்த்ருவ்கி, வோலா ஒஸ்த்ரோவியெட்ஸ்கா என்னும் இரட்டை ஊர்களில் மட்டும் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1944இல் கொலைகள் கிழக்குக் கலீசியாவிற்குப் பரவின.

வொலினியாவில் இப்படையை நடத்தியவர் திமித்ரோ கிளியாச்கிவ்ஸ்கி. அங்கு மாண்ட போலந்தியர் 40,000 முதல் 60,000 வரை என வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர். கிழக்குக் கலீசியாவையும் பிற பகுதிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ ஓர் இலட்சம் என்பது போலந்து ஆய்வாளர் பலர் கூறும் கணக்கு. மாண்டோரில் பெரும்பாலோர் முதியோரும் பெண்டிரும் குழந்தைகளும் ஆகிய உழவர் குடியினர். பயன்பட்ட கருவிகளோ கோடரி, கவைக்கோல், அரிவாள் முதலியன. அவை அன்றாட உழவிற்கு உரியவை. படையினரோடு அக்கம்பக்கத்து ஊரார் சிலரும் சேர்ந்துகொண்டனர் என்பதே இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி.

போர் முடிந்து எல்லைகள் வரையப்படும்போது போலந்து மீண்டும் இம்மண்ணின்மீது உரிமை கோரும். கோருவதற்கு இங்கே போலந்தியர் எவரும் இருத்தல் கூடாது. இதுவே கொலையாளிகளின் கணக்கு. ‘உக்ரைன் உக்ரைனியருக்கே’ என்னும் முழக்கத்தின் இறுதிப் பொருள் அந்த மூன்று வயதுக் குழந்தைகளுக்கும் விளங்கும்படி எழுதப்பட்டது.

பழிக்குப் பழி

போலந்தியரும் பழிதீர்த்தனர். உக்ரைனியக் காவலர் காட்டிற்குச் சென்றபின் காலியான இடங்களில் செர்மானியர் போலந்தியரை அமர்த்தினர். அவர்களும் உக்ரைனிய ஊர்களை எரிப்பதில் பங்குகொண்டனர். 1944 மார்ச்சு 10ஆம் நாள் சாஹ்ரின் என்னும் ஊரில் போலந்தின் உள்நாட்டுப் படையினர் பல நூறு உக்ரைனியரைக் கொன்றனர். 1945 மார்ச்சில் பாவ்வோகோமா என்னும் ஊரில் நூற்றுக்கணக்கான உக்ரைனியர் கொல்லப்பட்டனர். இம்மோதல்கள் அனைத்திலும் போலந்தியர் கையால் மாண்ட உக்ரைனியர் 10,000 முதல் 15,000 வரை என மதிப்பிடப்படுகிறது. 1947இல் போலந்தின் பொதுவுடைமை அரசு ‘விசுத்துலா நடவடிக்கை’ என்னும் பெயரால் ஏறத்தாழ 1,40,000 உக்ரைனியரைத் தம் ஊர்களிலிருந்து பெயர்த்து, நாட்டின் மேற்கிலும் வடக்கிலும் சிதறடித்தது.

இவ்விரு பக்கக் கொலைகளும் அளவில் ஒத்தவை அல்ல. திட்டத்தில் ஒத்தவையும் அல்ல. ஒரு நிலப்பரப்பு முழுவதிலிருந்தும் ஓர் இனத்தை இல்லாமல் ஆக்க முயன்றது ஒரு பக்கம். அதற்குப் பழிவாங்கியது மறுபக்கம். இவ்வேறுபாட்டை மறைப்பது வரலாற்றிற்கு இழைக்கும் துரோகம். ஆயினும், சாஹ்ரினில் மாண்ட குழந்தை வொலினியாவில் எவரையும் கொல்லவில்லை. சிறிய குற்றம் பெரிய குற்றத்தின் நிழலில் ஒளிந்துகொள்ள இடம்தரலாகாது.

கதவைத் திறந்தவர்கள்

இங்கேதான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்குத் திரும்ப வேண்டும். குடியேற்றம், பள்ளிகள் பறிப்பு, கோவில் இடிப்பு, அந்நிய ஆட்சிகள் எனக் காரணங்களை அடுக்கிவிட்டோம். இக்காரணங்கள் அனைத்தும் உண்மை. ஆயின், ‘அவர்கள் அவ்வாறு செய்ததில் வியப்பென்ன?’ என்று கேட்போர் இன்றும் உளர். அவர்களுக்குரிய விடையை நூல்களில் தேட வேண்டியதில்லை. அதே ஊர்களில் வாழ்ந்த உக்ரைனியர் சிலரே அவ்விடையைத் தந்துவிட்டனர்.

போலந்தின் தேசிய நினைவு நிறுவனம் 2007இல் ஒரு நூலை வெளியிட்டது. ரோமுவால்ட் நியெத்சியெல்கோ தொகுத்த அந்நூல், போலந்தியரைக் காப்பாற்றிய உக்ரைனியரின் பட்டியல் ஆகும். 1,341 உக்ரைனியர் அதில் இடம்பெற்றுள்ளனர். அவர்களுள் 384 பேர் அதன்பொருட்டுத் தம் உயிரையே இழந்தனர். சிலர் முன்கூட்டியே எச்சரித்தனர். சிலர் வைக்கோற்போரிலும் பரணிலும் ஒளித்துவைத்தனர். சிலர் அனாதைக் குழந்தையைத் தம் குழந்தை எனக் கூறி வளர்த்தனர்.

இவர்கள் வேறு உலகிலிருந்து வந்தவர்களா? அல்லர். இவர்களும் அதே உக்ரைனியர். இவர்களுடைய பிள்ளைகளும் அதே பள்ளிகளை இழந்தனர். இவர்கள் காதிலும் அதே முழக்கம் விழுந்தது. கொன்றவனுக்கு இருந்த காரணங்கள் அனைத்தும் காத்தவனுக்கும் இருந்தன. இருந்தும் ஒருவன் கோடரியை எடுத்தான். மற்றொருவன் கதவைத் திறந்தான். ஆகவே, காரணம் கையை இழுத்துச் சென்றது என்னும் வாதம் நில்லாது. காரணத்திற்கும் செயலுக்கும் நடுவே ஒரு மனிதன் நிற்கிறான், அவன் தேர்ந்துகொள்கிறான். அத்தேர்விற்கு அவனே பொறுப்பு.

அப்பட்டியல் மற்றொன்றையும் உணர்த்துகிறது. காத்தவர்களும் உக்ரைனியர் என்றால், குற்றத்தை ஓர் இனத்தின் குருதியில் ஏற்றிவைக்க ஒருவர்க்கும் உரிமை இல்லை. உக்ரைனிய கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் அந்திரேய் செப்தித்ஸ்கி, 1942 நவம்பரிலேயே கொலையைக் கண்டித்துத் தம் மக்களுக்குத் திருமடல் எழுதினார்; யூதக் குழந்தைகளுக்குத் தம் மடங்களில் புகலிடம் அளித்தார். அவரும் அம்மண்ணின் குரலே.

துயரமா, இனப்படுகொலையா?

பொதுவுடைமை ஆட்சிக்காலத்தில் இவ்வரலாறு பெரிதும் மூடிமறைக்கப்பட்டது. ‘சகோதர நாடுகள்’ என்னும் முழக்கத்திற்கு இப்பிணங்கள் இடையூறாக இருந்தன. 1989க்குப் பின்னரே சான்றுகள் திரட்டப்பட்டன. 2016இல் போலந்து நாடாளுமன்றம் இதனை இனப்படுகொலை என்று அறிவித்தது. உக்ரைனில் இது பெரும்பாலும் ‘வொலினியத் துயரம்’ என்றே குறிக்கப்படுகிறது.

சொற்களை ஆள்வோர் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்க வேண்டும். வெள்ளம் துயரம், பஞ்சம் துயரம், இடி விழுவதும் துயரம். ‘துயரம்’ என்னும் சொல்லில் செய்தவன் இல்லை. பட்டவன் மட்டுமே இருக்கிறான். திட்டமிட்டு, நாள் குறித்து, ஊர் சூழ்ந்து, போலந்தியராய்ப் பிறந்தமைக்காகவே குழந்தைகளைக் கொன்ற செயலுக்கு அச்சொல் போதாது. தன் விடுதலைக்காகப் போராடிய வீரர் என்று ஒரு நாடு போற்றுவோரிடையே இக்கொலைகளைச் செய்தோரும் உளர் என்பதை ஏற்பது எளிதன்று. அவ்வீரர்களுள் பலர் பின்னர்ச் சோவியத் ஆட்சியை எதிர்த்து மாண்டதும் உண்மை. ஆயினும், ஒருவரது தியாகம் அவரது குற்றத்தைக் கழுவிவிடாது.

மறுபுறம், இறந்தோரை அரசியல் மேடையில் எண்ணிக்கையாக நிறுத்துவோரும் உளர். 2022இல் உக்ரைன்மீது முழுப் படையெடுப்பைத் தொடுத்த உருசியா, இப்பழைய புண்ணைக் கிளறி இரு அண்டை நாடுகளைப் பிரிக்க முயல்கிறது. 1943இல் மாண்ட உழவனின் பெயரால் இன்று வேறோர் ஊரின் உழவன் கொல்லப்படுவதை நியாயப்படுத்துவது, மாண்டவனை இரண்டாம் முறை கொல்வதற்கு ஒப்பாகும். அதே 2022இல் போலந்து மக்கள் பல இலட்சம் உக்ரைனிய அகதிகளுக்குத் தம் இல்லங்களைத் திறந்துவிட்டனர் என்பதை இங்கே நினைத்தல் தகும். கதவைத் திறக்கும் மரபு இரு பக்கமும் அற்றுப்போகவில்லை.

மண்ணுக்குள் காத்திருப்போர்

மாண்டோரில் பெரும்பாலோர்க்கு இன்றும் கல்லறை இல்லை. பலர் கிணறுகளிலும் குழிகளிலும் கிடக்கின்றனர். பரோஷ்லா போன்ற பல ஊர்கள் நிலப்படத்திலிருந்தே மறைந்துவிட்டன. 2017இல், போலந்திலிருந்த கிளிர்ச்சிப் படை நினைவுச்சின்னம் ஒன்று அகற்றப்பட்டதைத் தொடர்ந்து, எலும்புகளைத் தோண்டியெடுக்கும் பணிக்கு உக்ரைன் தடை விதித்தது. கல்லுக்காக எலும்பு தண்டிக்கப்பட்டது! 2023 சூலையில் இரு நாட்டு அதிபர்களும் லுத்ஸ்க் நகரப் பேராலயத்தில் ஒருங்கே நின்று மாண்டோரை நினைவுகூர்ந்தனர். 2024 நவம்பரில் தடை விலகியது. 2025 வசந்த காலத்தில், 1945இல் அழிக்கப்பட்ட புஷ்னிகி என்னும் ஊரில் 42 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 6ஆம் நாள் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டன.

எண்பது ஆண்டுகளுக்குப்பின் ஓர் எலும்பிற்குப் பெயர் கிடைப்பதனால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். கொன்றவன் விரும்பியது அப்பெயர் இல்லாமற் போவதையே. எனவே, பெயரை மீட்பது அவனது வெற்றியைத் தடுப்பதாகும். பழிதீர்க்கும் எண்ணமின்றிச் செய்யத்தக்க நீதி இஃதொன்றே.

எழுதுகோல் ஏந்துவோர்க்கு

1943 சூலை 10ஆம் நாள், அதாவது குருதி ஞாயிறுக்கு முந்தைய நாள், கொலைகளை நிறுத்துமாறு பேசுவதற்காகக் கிளர்ச்சிப் படையினரைத் தேடி ஓர் இளைஞர் சென்றார். அவர் பெயர் சிக்முந்த் ரூமெல். வயது 28. போலந்துத் தலைமறைவு இயக்கத்தின் தூதுவராகிய அவர் காவற்படையை வேண்டாம் என விடுத்துச் சென்றார். அவரும் உடன் சென்றோரும் கொல்லப்பட்டனர். அவர் ஒரு கவிஞர். வொலினியாவில் வளர்ந்த அவர், போலந்தையும் உக்ரைனையும் தம் இரு தாயராகக் கருதிப் ‘இரு தாயர்’ என்னும் தலைப்பிலேயே ஒரு கவிதை இயற்றியவர்.

தொந்த்சோவும் எழுத்தாளர், ரூமெலும் எழுத்தாளர். ஒருவர் எழுத்து அயலானைப் பகைவன் ஆக்கியது. மற்றவர் எழுத்து அயல்நாட்டையும் தாய் என்றது. முன்னவர் கருத்து அப்போதைக்கு வென்றது. பின்னவர் காட்டில் மாண்டார். அதனால் ரூமெல் தோற்றார் என்று கூறுவோமாயின், வெற்றி என்பதன் பொருளை நாம் இன்னும் கற்கவில்லை என்றே பொருள்.

மொழியைக் கற்கும் இளைஞர்களே! நீங்கள் நாளை ஆசிரியர் ஆவீர்கள், இதழாளர் ஆவீர்கள், மேடைகளில் பேசுவீர்கள். மனக்குறைகளைச் சொல்லுங்கள், அநீதியை அஞ்சாது எடுத்துரையுங்கள், காரணங்களை ஒளிக்காதீர்கள். ஆனால், உங்கள் வாக்கியம் காரணத்தில் தொடங்கி, அடுத்த வீட்டுக் குழந்தையின் சாவிற்கு நியாயம் சொல்வதில் முடியுமானால், அவ்வாக்கியத்தை அங்கேயே அடித்துவிடுங்கள். அந்த 384 பேர் தம் உயிரைக் கொடுத்து அடித்த வாக்கியம் அது.